இந்திய ஹாக்கி ஏன் சறுக்கியது? கோவில்பட்டி மண் சொல்லும் பதில்

கோவில்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது கடலைமிட்டாய். அடுத்தது தீப்பெட்டி. கொஞ்சம் புத்தகம் படிப்பவர்கள் கி.ராஜநாராயணனையும் கரிசல் இலக்கியத்தையும் சொல்வார்கள். விளையாட்டுப் பக்கம் படிப்பவர்களைக் கேட்டால் வேறொரு பதில் வரும்: ஹாக்கி!

தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் மட்டையோடு பையன்கள் திரியும்போது, இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் சைக்கிளில் ஹாக்கி மட்டையைச் சொருகிக்கொண்டு போகும் பையன்களைப் பார்க்கலாம். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி இங்கேதான் நடக்கிறது. ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் எல்லாம் வட இந்தியாவிலிருந்து இந்த வெயிலுக்கு வந்து ஆடிவிட்டுப் போகின்றன.

இப்படி ஹாக்கியை விடாமல் பிடித்திருக்கும் ஊர்கள் இந்தியாவில் இன்னும் சில உண்டு. பஞ்சாபில் சன்சார்பூர், ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டம். ஆனாலும் இந்திய அணி உலக மேடையில் பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. ஏன்?

முதலில் கணக்கைப் பார்ப்போம்

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா 8 தங்கம் வென்றிருக்கிறது: 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980. வேறு எந்த நாடும் இத்தனை தங்கம் வாங்கியதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த பெருமை.

அதிகம் பேசப்படாத பக்கம் இது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 5வது இடம். 1988 சியோலில் 6. 1992 பார்சிலோனாவில் 7. 1996 அட்லாண்டாவில் 8. 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் 7. 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. அந்த மார்ச் மாதம் சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றது. 1928க்குப் பிறகு இந்தியா இல்லாமல் நடந்த முதல் ஒலிம்பிக் ஹாக்கி அதுதான். 2012 லண்டனுக்குப் போனார்கள், 12 அணிகளில் 12வது இடம்.

உலகக்கோப்பை இன்னும் மோசம். முதல் மூன்று போட்டிகளில் வெண்கலம் (1971), வெள்ளி (1973), தங்கம் (1975). கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று வாங்கிய கோப்பை அது. அதன்பின் 1978 முதல் 2023 வரை நடந்த 12 உலகக்கோப்பைகளில் ஒரு முறைகூட இந்தியா அரையிறுதிக்குப் போகவில்லை. 1986இல் லண்டனில் கடைசி இடம்.

எல்லோரும் சொல்லும் காரணம்

காரணம் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றே: "புல்தரையை எடுத்துவிட்டு ஆஸ்ட்ரோ டர்ஃப் போட்டார்கள், நம்மால் ஆட முடியவில்லை."

இதில் உண்மை இருக்கிறது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது 1976 மாண்ட்ரீலில். முந்தைய ஆண்டுதான் உலகக்கோப்பையை வென்றிருந்த இந்தியா, அங்கே ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்றது. கடைசியில் கிடைத்தது 7வது இடம். ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி பதக்கம் இல்லாமல் திரும்பியது அதுவே முதல் முறை.

ஆனால் இந்தக் காரணம் மட்டும் போதாது. மூன்று விஷயங்கள் இடிக்கின்றன.

ஒன்று, சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960 ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றபோதும், 1968, 1972 ஒலிம்பிக்குகளில் வெண்கலத்தோடு திரும்பியபோதும் ஆடியது இயற்கைப் புல்லில்தான்.

இரண்டு, 1982 உலகக்கோப்பை நம் பம்பாயில் நடந்தது. அதுவும் புல்தரைதான். சொந்த மண், சொந்த ரசிகர்கள். கிடைத்தது 5வது இடம்.

மூன்று, 1980 மாஸ்கோவில் செயற்கைத் தரையில்தான் இந்தியா தங்கம் வென்றது. சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்ற அணி அது. ஆனால் புறக்கணிப்பு காரணமாக மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான் எதுவும் வரவில்லை. மொத்தமே 6 அணிகள். அந்தத் தங்கம் உண்மையான நோயை மறைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். இரண்டே ஆண்டுகளில், 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில், பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது நாடே அதிர்ந்தது.

ஆக, தரை மாறியது மட்டுமே காரணம் என்றால் கணக்கு ஒத்துவரவில்லை. தரை மாறியபின் நம் ஊர் பையன்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அதற்குக் கோவில்பட்டியை விடச் சரியான உதாரணம் கிடைக்காது.

கரிசலும் சரளும்

கரிசல் மண் மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் அது நல்ல மண். பந்து உருட்ட ஆகாது. அதனால் இந்தப் பகுதியில் மைதானம் என்றால் மேலே செம்மண்ணோ சரள் மண்ணோ கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டித்தான் தயார் செய்ய வேண்டும். நாலு நாள் வெயில் அடித்தால் மறுபடி பொடிக்கல் மேலே வந்துவிடும்.

இப்படிப்பட்ட தரையில் ஒரு பையன் என்ன கற்றுக்கொள்வான்?

பந்து எப்போது எகிறும் என்று தெரியாது. அதனால் கண்ணைப் பந்திலிருந்து எடுக்க மாட்டான். முதலில் பந்தை நிறுத்துவான், பிறகு பார்ப்பான், பிறகு அடிப்பான். மட்டையோடு பந்தை ஒட்ட வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு போவான். பார்க்க அழகாக இருக்கும். உலகமே வியந்த இந்திய ஹாக்கி இதுதான்.

தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் கதையே வேறு. பந்து நேராக, தாழ்வாக, வேகமாக வரும். நிறுத்திவிட்டுப் பார்க்க நேரமில்லை. பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூர்த்திப் பார்த்து, யாரிடம் தள்ளுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். முதல் தொடுதலே அடுத்த பாஸுக்கான தொடக்கம். தடுப்பவர் மட்டையைத் தரையோடு படுக்க வைத்துப் பந்தை மறிப்பார். இதைச் சரளில் செய்தால் விரல் முட்டி தோலுரிந்துவிடும். அதனால் நம் பையன்கள் அதைப் பழகவே இல்லை. கோல்கீப்பர் சறுக்கிப் பாய்வதும் அப்படித்தான். சரளில் யார் சறுக்குவார்கள்?

எல்லாவற்றையும் விட முக்கியம் பெனால்டி கார்னர். இன்றைய ஹாக்கியில் பெரிய ஆட்டங்கள் பலவற்றின் முடிவு இதில்தான் இருக்கிறது. எல்லைக் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை அசையாமல் நிறுத்த, இன்னொருவர் மட்டையால் இழுத்துச் சுழற்றி வலைக்குள் வீசுவார். இதற்குப் பெயர் டிராக் ஃப்ளிக். கட்டையால் அடித்தால் முதல் அடி கோல் பலகை உயரத்துக்கு மேல், அதாவது 46 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. டிராக் ஃப்ளிக்குக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பந்து கோல்கீப்பரின் தலைப்பக்கமாகவும் பறக்கும். சரள் தரையில் பந்தைத் தள்ளினாலே அது துள்ளிக்கொண்டு வரும். துள்ளும் பந்தை நிறுத்த முடியாது. நிறுத்தாத பந்தை இழுத்து வீச முடியாது. ஆக மண் தரையில் வளர்ந்த பையனுக்கு உலக ஹாக்கியின் மிகப்பெரிய ஆயுதம் கைக்கு வருவதே இல்லை.

மாண்ட்ரீல் நடந்தது 1976இல். கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானம் வந்தது 2010களின் பிற்பகுதியில். இடையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள்! இரண்டு தலைமுறைப் பையன்கள் ஒரு தரையில் கற்றுக்கொண்டு, வேறொரு தரையில் தேர்வு எழுதப் போனார்கள். இருபது வயதில் முகாமுக்குப் போய்ச் செயற்கைத் தரையில் கால் வைக்கும்போது கை பழக்கம் உறைந்து போயிருக்கும். அதை மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொள்வதை விடக் கஷ்டம்.

இப்போது நெதர்லாந்தைப் பாருங்கள். சுமார் 1.8 கோடி மக்கள் உள்ள நாடு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. அங்கே ஹாக்கி சங்கத்தில் பதிவு செய்த உறுப்பினர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். சிறுவயதிலேயே கிளப்பில் சேர்ந்து, முதல் நாளிலிருந்து செயற்கைத் தரையில் ஆடுகிறார்கள். நம்மிடம் ஆள் குறைவில்லை. சரியான தரையைச் சரியான வயதில் தொட்ட ஆள்தான் குறைவு.

கடைசி நிமிட நோய்

சரி, 2000க்குப் பிறகு தேசிய அணி வீரர்கள் ஆண்டு முழுவதும் செயற்கைத் தரையில்தான் ஆடினார்கள். அப்போதும் ஏன் தோற்றார்கள்? இதற்கு ஸ்கோர் பலகையே பதில் சொல்கிறது.

2000 சிட்னி. போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் விழுந்து 1-1. அரையிறுதி போச்சு.

2014 ஹேக் உலகக்கோப்பை. பெல்ஜியத்திடம் கடைசி 15 வினாடியில் கோல் வாங்கி 2-3. அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்திடமும் கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-2.

2016 ரியோ. ஜெர்மனியிடம் முடிய 3 வினாடி இருக்கும்போது கோல், 1-2.

2018 ஆசிய விளையாட்டு அரையிறுதி. மலேசியா 59வது நிமிடத்தில் சமன் செய்தது. பிறகு ஷூட் அவுட்டில் இந்தியா தோற்றது.

2023 புவனேஸ்வர் உலகக்கோப்பை. நியூசிலாந்துக்கு எதிராக 3-1 முன்னிலை. அது 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் தோல்வி. சொந்த நாட்டில் 9வது இடம்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் இத்தனை முறையா? செயற்கைத் தரையில் ஆட்டம் வேகமானது. 1990களில் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டது, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்றும் ஆனது. ஓட்டம் இன்னும் கூடியது. கடைசி ஐந்து நிமிடத்தில் கால் ஓய்ந்தால் மூளையும் ஓயும். தற்காப்பில் யார் யாரைப் பிடிப்பது என்ற ஒழுங்கு குலையும். அந்த ஒழுங்கு ஒரே நாளில் வராது. ஒரே பயிற்சியாளரிடம், ஒரே திட்டத்தில், பல ஆண்டுகள் பழகினால்தான் வரும்.

நம்மிடம் அதுவும் இல்லை. 2011க்கும் 2018க்கும் இடையில் இந்திய ஆண்கள் அணிக்கு வந்துபோன தலைமைப் பயிற்சியாளர்கள்: மைக்கேல் நாப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைன், ஹரேந்திர சிங். எட்டு ஆண்டில் ஆறு பேர்! ஒவ்வொருவரும் ஒரு பாணி. நிர்வாகமும் லேசுப்பட்டதில்லை. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்று வந்த அணியிலிருந்து, கேப்டன் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட மூத்த வீரர்கள் அடுத்த தொடருக்கே கழற்றி விடப்பட்டார்கள். 2008 ஏப்ரலில் இந்திய ஹாக்கி சம்மேளனத்தையே இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யும் நிலை வந்தது.

பெல்ஜியம் செய்தது என்ன?

இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாத அதே 2008இல்தான், பெல்ஜியம் 1976க்குப் பிறகு முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கிக்குத் திரும்பியது. அவர்கள் இளையோர் அணியிலிருந்தே ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக வளர்த்தார்கள். 2016 ரியோவில் வெள்ளி. 2018 டிசம்பரில் நம் புவனேஸ்வரிலேயே உலகக்கோப்பை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். பத்து, பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு சின்ன நாடு உச்சிக்கு ஏறிவிட்டது. அதிசயம் எதுவும் இல்லை, தொடர்ச்சிதான்.

இந்தியாவும் அதைச் செய்தபோது பலன் தெரிந்தது. 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிக்கு ஆதரவாளராக வந்தது. 2019இல் பொறுப்பேற்ற கிரஹாம் ரீட் டோக்கியோ வரை மாற்றப்படாமல் இருந்தார். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம். அந்த ஆட்டத்தில் முடிய 6 வினாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். முன்பு என்றால் கோல்தான். ஆனால் இந்த முறை ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார். 2024 பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17வது நிமிடத்திலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்க 10 பேரோடு ஆடி 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் வென்றது இந்தியா. பிறகு ஸ்பெயினை 2-1 என்று வீழ்த்தி மறுபடி வெண்கலம். கடைசி நிமிட நோய் முழுதாகக் குணமாகவில்லை என்பதை இந்த இரண்டுக்கும் நடுவே வந்த 2023 உலகக்கோப்பை காட்டியது. ஆனால் மருந்து எது என்று தெரிந்துவிட்டது.

மறுபடி கோவில்பட்டிக்கு

2022 மே மாதம் இந்த ஊருக்கு மறக்க முடியாதது. தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கிப் போட்டி கோவில்பட்டியின் செயற்கைத் தரையில் நடந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அங்கே இந்திய அணியில் இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவர் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருவர் அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகிய கார்த்தி செல்வம். மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா அந்தத் தொடரில் வெண்கலம் வென்றது. 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி இருந்தார்.

கவனிக்க வேண்டியது கால இடைவெளி. தரை வந்தது, அதோடு விடுதி வந்தது. ஐந்தாறு ஆண்டுக்குள் இருவர் இந்திய அணிச் சட்டை போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய 40 ஆண்டுகளில் இந்த ஊரில் திறமை இல்லாமலா இருந்தது? எத்தனையோ பேர் கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி என்று ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ், ரயில்வே வேலைக்குப் போய் குடும்பத்தைக் கரையேற்றினார்கள். வானம் பார்த்த பூமியில் மட்டை பிடித்த கைக்குச் சம்பளம் வருவது சின்ன விஷயமே இல்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் இந்தியாவுக்கு ஆடியிருக்கக் கூடியவர்கள் என்ற கணக்கை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

இன்னும் தூரம் இருக்கிறது. 2004 ஏதென்ஸில் ஆடிய ஆடம் சின்கிளேருக்குப் பிறகு, 2024 வரை, தமிழ்நாட்டு வீரர் யாரும் ஒலிம்பிக் ஆண்கள் ஹாக்கியில் ஆடவில்லை. ஒரு ஊருக்கு ஒரு தரை போதாது. சுந்தர்கர் மாவட்டத்தில் ஒன்றியங்கள்தோறும் செயற்கைத் தரை என்று ஒடிசா திட்டமிட்டது. இங்கே கிராமத்துப் பள்ளிப் பையன் இன்னும் சரளில்தான் தொடங்குகிறான். தண்ணீர்ப் பிரச்சினையும் உண்டு. ஈரமாக வைத்து ஆடும் தரைக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான லிட்டர் வேண்டும். குடிநீரே தாமிரபரணியிலிருந்து குழாயில் வரவேண்டிய ஊர் இது. குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய தரை பாரிஸில் வந்துவிட்டது. அந்த மாதிரித் தரை முதலில் வரவேண்டியது இதுபோன்ற வறண்ட ஊர்களுக்குத்தான்.

இந்தியா ஏன் சறுக்கியது என்ற கேள்விக்கு வெள்ளைக்காரன் விதியை மாற்றிவிட்டான் என்று பதில் சொல்வது சுலபம். 1976இல் தரை மாறியது எல்லா நாட்டுக்கும்தான். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தத் தரைக்கு அழைத்துப் போனார்கள். நாம் ஜெயித்த தங்கங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பையன்கள் சரளில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இன்று கோவில்பட்டி மைதானத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டையைத் தரையோடு படுக்க வைத்துப் பந்தை மறிக்கிறான். விரல் முட்டி உரிவதில்லை. இந்திய ஹாக்கியின் அடுத்த பதக்கத்துக்கு அது போன்ற கைகள்தான் வேண்டும்.